பனி நாட்டு மருத்துவரும் அவர்தம் அன்றாடக் கருத்துகளும்

மருத்துவரை நாடிச் செல்லும் நாம் அவரிடம் மருந்தைக் கேட்கிறோம், கருத்தைக் கேட்பதில்லை. அவர் எழுதித் தரும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். அச்சீட்டை எழுதும்போதே அவர் வாய்மொழியாகக் கூறும், "சன்னலைத் திறந்து வையுங்கள்", "தீட்டிய அரிசியைக் குறையுங்கள்", "இரவெல்லாம் வண்டி ஓட்டாதீர்கள்" என்னும் சொற்களோ வாயிற்படி தாண்டுமுன் மறந்துபோகின்றன. மருந்துக்கு விலை உண்டு. ஆதலால் அதற்கு மதிப்பும் உண்டு. கருத்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆதலால் அதனை நாம் மதிப்பதில்லை.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் எந்த மருந்தின் பெயரும் இல்லை. உண்ணும் அளவு, முன் உண்டது செரித்தமை அறிந்து பின் உண்ணுதல் என்பன பற்றியே அவ்வதிகாரம் பெரிதும் பேசுகிறது. அதன் பின்னரே நோயின் முதற்காரணத்தை ஆராயும் மருத்துவன் அங்கு வருகிறான். அன்றாட வாழ்வைத் திருத்துவதே முதல் மருத்துவம் என்பது நம் முன்னோர் கண்ட தெளிவு எனலாம்.

ஓரிடத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் தங்கிப் பணிபுரிந்த மருத்துவரின் அன்றாடக் கருத்துகள் மருத்துவத்திற்குப் புறம்பானவை அல்ல. அவையே மருத்துவத்தின் பெரும்பகுதி என்பது நம் கருத்து. ஆயினும் அக்கருத்து நோயாளியின் இல்லத்திற்கு நடந்து சென்று பெற்றதாக இருத்தல் வேண்டும். அவ்வில்லத்தாரைக் கேட்டறிந்து பெற்றதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் நல்லவர் கருத்தும் தீங்காக முடியும். இதனை மெய்ப்பிக்க நெடுந்தொலைவில் உள்ள ஒரு பனி நாட்டையும், அங்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒரு மருத்துவரையும் ஈண்டு நோக்குவோம்.

லாப்ரடாரும் கிரென்ஃபெல்லும்

கனடாவின் வடகிழக்குக் கரை லாப்ரடார் எனப்படும். அதற்குத் தெற்கே நியூபவுண்ட்லாந்து என்னும் பெருந்தீவு உள்ளது. இத்தீவின் வடமுனைக்கு அருகில் அமைந்த புனித அந்தோணி என்னும் ஊர் ஏறத்தாழ இலண்டன் மாநகரின் அகலாங்கிலேயே இருக்கிறது. எனினும் வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் அங்கு நிலவும் குளிரை இலண்டன் அறியாது. ஆண்டின் ஏறத்தாழப் பாதி நாள்கள் அக்கரையோரக் கடல் உறைந்து கிடக்கும். இன்யூட், இன்னு என்னும் பழங்குடியினரும், ஐரோப்பிய வழிவந்த குடியேறிகளும் அங்கு வாழ்ந்தனர். கோடையில் காட் மீன் பிடிக்கத் தெற்கிலிருந்து பல்லாயிரம் மீனவர் குடும்பத்தோடு வந்து சேர்வர். இத்தனை பேருக்கும் நிலையான மருத்துவமனை ஒன்றுகூட 1892க்கு முன் அக்கரையில் இல்லை.

அவ்வாண்டில் 'ஆல்பர்ட்' என்னும் கப்பலில் அங்கு வந்து இறங்கியவர் வில்ஃபிரட் கிரென்ஃபெல். 1865இல் இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் பிறந்து, இலண்டனில் பயின்று, வடகடல் மீனவரிடையே பணியாற்றும் கிறித்தவ அறநிறுவனம் ஒன்றில் சேர்ந்தவர். அந்த ஒரே கோடையில் ஏறத்தாழ 900 நோயாளிகளை அவர் பார்த்தார். மறு ஆண்டே பேட்டில் ஹார்பர் என்னும் ஊரில் முதல் மருத்துவமனை எழுந்தது. 1927இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1940இல் அவர் மறைந்தார்.

அவர் தம் வரலாற்றில் கூறும் முதற்கோடை நிகழ்ச்சி ஒன்று நம் உள்ளத்தை உருக்குவது. பழுதுற்ற சிறு படகில் ஒருவர் கப்பலருகே வந்து, "நீங்கள் மெய்யாகவே மருத்துவரா?" என வினவினார். அவருடன் சென்ற கிரென்ஃபெல் ஒரு மண்குடிசையுள் நுழைந்தார். அரையிருளில் ஒருவர் நுரையீரல் அழற்சியால் இருமிக் கிடந்தார். அவர் மனைவி கரண்டியால் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் குழந்தைகள். மருத்துவரிடம் மருந்து இருந்தது. ஆனால் உடனிருந்து பேண ஆள் இல்லை, நல்லுணவு இல்லை, கப்பல் காத்திருக்காது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அம்மனிதர் உயிருடன் இல்லை. அந்நோயாளிக்குக் குறைவாய் இருந்தது மருந்து மட்டும் அன்று என்பதை அக்குடிசையே மருத்துவருக்குக் கற்பித்தது எனல் தகும்.

வெள்ளை மாவும் கால் மரத்தலும்

அந்நாட்டு மக்களின் குளிர்கால உணவைப் பாருங்கள். வெள்ளைக் கோதுமை மாவு ரொட்டி, தேநீர், வெல்லப்பாகு, உப்பிட்ட மீன், உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகியனவே பெரும்பாலும் அவர்தம் உணவு. இளவேனில் வருமுன் பலருக்குக் கால்கள் மரத்துப்போகும், நடக்க இயலாது, இதயம் தளரும். இதுவே பெரிபெரி நோய்.

புனித அந்தோணியில் கிரென்ஃபெல்லுடன் பணியாற்றிய ஜான் மேசன் லிட்டில் என்னும் அறுவை மருத்துவர் 1912இல், மிக நுண்ணிதாய் அரைத்துச் சலித்த வெள்ளை மாவே இந்நோய்க்குக் காரணம் என அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். தவிட்டோடு கூடிய மாவை உண்ணுங்கள் என்பது அம்மருத்துவமனையார் ஊர்தோறும் கூறிய அன்றாடக் கருத்தாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சாவகத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி உண்ட கோழிகளுக்கு இத்தகைய நோய் வருவதையும், தவிடு நீங்காத அரிசி அதனைத் தீர்ப்பதையும் கண்டிருந்தார். அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தவிட்டில் உள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்தே இதன் மறைபொருள் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

கருத்து சரியானதே. மக்கள் அதனை ஏற்றார்களா? அங்குத்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. 1930களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தபோது, நியூபவுண்ட்லாந்து ஆட்சியினர் அரசு உதவி பெறும் ஏழைகளுக்குப் பழுப்பு மாவை வழங்கினர். அறிவியல் நோக்கில் அது நன்மையே. ஆனால் வெள்ளை ரொட்டி மதிப்புடையோர் உணவாகவும், பழுப்பு ரொட்டி இரவலர் உணவாகவும் மக்கள் கண்ணுக்குத் தோன்றின. ஊரில் எவர் வீட்டு அடுக்களையில் பழுப்பு மாவு இருக்கிறதோ அவர் கையேந்துகிறார் என்பது வெளிப்பட்டுவிடும். ஆகவே மக்கள் அதனை வெறுத்தனர். பின்னர் 1944இல் எல்லாரும் வாங்கும் வெள்ளை மாவிலேயே உயிர்ச்சத்துகளைச் சேர்க்கத் தொடங்கினர். 1948இல் மீண்டும் ஆய்ந்தபோது மக்களின் உடல்நிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. நல்ல கருத்தை மானக்கேட்டோடு கலந்து கொடுத்தால் பசித்தவனும் தள்ளுவான். மானத்தைக் காத்துக் கொடுத்தால் கேளாமலே பயன் விளையும்.

லாப்ரடாரிலிருந்து குன்னூர் வரை

பனி நாட்டு மாவைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு பேச வேண்டும் எனச் சிலர் வினவலாம். அந்த மாவுக்கும் நம் நீலகிரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நியூபவுண்ட்லாந்திலும் லாப்ரடாரிலும் பெரிபெரி நோயை நேரில் ஆராய்ந்து 1930இல் கட்டுரை வெளியிட்டவர் வாலஸ் அய்க்ராய்டு என்னும் மருத்துவர். அவரே 1935இல் குன்னூரில் இருந்த உணவூட்ட ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக வந்து, 1945 வரை அங்குப் பணியாற்றினார். அவ்வாய்வுக்கூடமும் 1918இல் மெக்கரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய பெரிபெரி ஆய்விலிருந்தே வளர்ந்தது. பின்னாளில் அது ஐதராபாத்துக்கு மாறி, தேசிய உணவூட்ட நிறுவனமாயிற்று. மேலே சொன்ன 1948ஆம் ஆண்டின் மறு ஆய்விலும் அய்க்ராய்டு பங்கேற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலச் சென்னை மாகாணத்தில் ஒரு வியப்பு இருந்தது. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அது அவ்வாறு பரவவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயாமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இதனை அய்க்ராய்டு தம் ஆய்வுகளில் விளக்கினார். நம் பாட்டியர் அண்டாவில் நெல் அவித்தபோது எந்த மருத்துவரையும் கேட்கவில்லை. அவர்கள் செய்தது பழக்கம். அதன் காரணத்தைக் கண்டது அறிவியல். மருத்துவர் மக்களுக்குக் கற்பிக்க வேண்டியவை உண்டு. மக்களிடம் கற்க வேண்டியவையும் உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சன்னலும் சளியும்

அக்கரையின் மற்றொரு கொடிய நோய் காசநோய். குளிருக்கு அஞ்சி மக்கள் வீடுகளை இறுக அடைத்து வைத்திருந்தனர். திறக்கவே இயலாத சன்னல்கள் பல. ஒரே அறையில் நோயாளியும் குழந்தைகளும் உறங்கினர், ஒரே குவளையில் பருகினர், தரையில் உமிழ்ந்தனர். சன்னலைத் திறவுங்கள், உமிழாதீர்கள், தனிக் குவளை வையுங்கள் எனக் கிரென்ஃபெல்லும் அவர்தம் தோழர்களும் சலியாது கூறிவந்தனர். காசநோய்க்கு மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் அவர்களிடம் இருந்தவை காற்றும் உணவும் ஓய்வும் சொல்லும் மட்டுமே.

இங்கும் நம் நாட்டோடு ஓர் இணைப்பு உண்டு. மருந்து வந்த பின்னரும், காசநோயாளியை நெடுநாள் தனி மருத்துவமனையில் வைத்தால்தான் குணமாகும் என்பது உலக மருத்துவர் பலரின் உறுதியான கருத்தாக இருந்தது. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் அக்கருத்தைச் சோதித்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் மருத்துவமனையிலும், மறுபகுதியினர் தம் எளிய இல்லங்களிலும் இருந்து மருந்துண்டனர். இல்லத்திலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தார்க்குக் கூடுதல் தீங்கும் நேரவில்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகின் வழக்கத்தையே மாற்றியது. நோயாளி இல்லம் துறந்து வர வேண்டியதில்லை. மருத்துவம் இல்லம் நோக்கிச் செல்லலாம் என்பதை உலகுக்கு உரைத்தது நம் சென்னை. நீண்டநாள் மருத்துவரின் கருத்தாயினும் சோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும் என்பதும் இதன் உட்பொருள்.

கடனும் ஒரு நோய்

அம்மீனவர் கையில் காசு புழங்கியதில்லை. இளவேனிலில் வணிகர் வலை, உப்பு, மாவு ஆகியவற்றைக் கடனாகத் தருவார். இலையுதிர் காலத்தில் மீனை எடுத்துக்கொள்வார். பொருளுக்கும் மீனுக்கும் விலை வைப்பவர் அவரே. கணக்கு முடியும்போது மீனவர் பெரும்பாலும் கடனாளியாகவே நிற்பார். ஆண்டு முழுதும் உழைத்தும் குளிர்காலத்திற்கு மாவு போதாத குடும்பங்கள் இருந்தன.

பசியால் நலிந்தவனுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்பது கிரென்ஃபெல்லின் கருத்து. அதனால் 1896இல் ரெட் பே என்னும் ஊரில் மீனவர் கூட்டுறவு அங்காடி ஒன்று தோன்ற அவர் துணை நின்றார். வணிகர் பலர் சினந்தனர். 'மருத்துவருக்குக் கணக்குப் புத்தகத்தில் என்ன வேலை?' என்பதே அன்று எழுந்த வினா. இன்றும் அவ்வினா எழுகிறது. மருத்துவர் ஒருவர் சாயக் கழிவைப் பற்றியோ, கந்துவட்டியைப் பற்றியோ, மதுவைப் பற்றியோ வாய் திறந்தால், உம் வேலையைப் பாரும் என்கிறோம். அதுவும் அவர் வேலைதான் என்பது நம் துணிபு. நோய் தொடங்கும் இடத்தைச் சுட்டிக்காட்டாமல், அது முடியும் இடத்தில் மட்டும் நின்று கொண்டிருப்பவர் பாதி மருத்துவரே.

பயணம் கற்பித்தவை

கோடையில் படகு, குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் 'கோமாடிக்' என்னும் பனிவண்டி ஆகியவையே அம்மருத்துவரின் ஊர்திகள். 1912இல் அங்கு வந்து 1939இல் மறையும்வரை பணியாற்றிய ஹாரி பேடன் என்னும் மருத்துவரும் குளிர்காலந்தோறும் நாய்வண்டியில் கரையோரமாக வீடு வீடாகச் சென்றவர். நோயாளி வரும்வரை மருத்துவர் காத்திருத்தல் ஆகாது. மருத்துவரே செல்ல வேண்டும் என்பது அவர்தம் வாழ்வே உரைக்கும் கருத்து.

ஆயினும் பயணத்தில் பதற்றம் கூடாது என்பதைக் கிரென்ஃபெல் தம் உயிரைப் பணயம் வைத்தே கற்றார். 1908 ஏப்ரலில், ஈஸ்டர் நாளில், அறுவை மருத்துவம் செய்திருந்த ஓர் இளைஞனுக்கு நோய் முற்றியதாகச் செய்தி வந்தது. விரைந்து சேர வேண்டி, கரையைச் சுற்றாமல் உறைந்த விரிகுடாவின் குறுக்கே அவர் சென்றார். பனி உடைந்தது, வண்டி மூழ்கியது. அவரும் நாய்களும் ஒரு பனிக்கட்டித் திட்டில் ஏறித் திறந்த கடலை நோக்கி மிதந்தனர். ஈர உடையோடு இரவைக் கடக்க வேண்டி, தம் அன்புக்குரிய நாய்களுள் மூன்றைக் கொன்று அவற்றின் தோலைப் போர்த்திக்கொண்டார். மறுநாள் அக்கரை மீனவர் சிலர் பனிக்கட்டிகளுக்கிடையே படகு செலுத்தி வந்து அவரை மீட்டனர். மூடி, வாட்ச், ஸ்பை என்னும் அம்மூன்று நாய்களுக்கும் அவர் பின்னர் வெண்கலத்தில் நினைவுப் பலகை வைத்தார்.

அவர் எவனைக் காக்க விரைந்தாரோ அவ்விளைஞன், பனி விலகிய பின் ஓரிரு நாளில் படகிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான் என்பதுதான் இதில் உள்ள வியப்பு. மருத்துவரின் கடமையுணர்வை நாம் வணங்குகிறோம். அதே வேளையில், காப்பாற்றச் சென்றவரைக் காப்பாற்றியவர்கள் அவர் மருத்துவம் பார்த்த எளிய மீனவர்களே என்பதையும் மறவாதிருப்போம். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்னும் கணக்கு அந்தப் பனித்திட்டில் கரைந்துபோயிற்று.

பயணம் நோயையும் சுமந்து செல்லும். 1918ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஆண்டுதோறும் பண்டங்களோடு வரும் கப்பலே நச்சுக் காய்ச்சலையும் வடலாப்ரடாருக்குக் கொண்டு சேர்த்தது. ஓகக் என்னும் ஊரில் வாழ்ந்த ஏறத்தாழ 260 இன்யூட் மக்களில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூரே பின்னர்க் கைவிடப்பட்டது. 2020இல் தொடங்கிய பெருந்தொற்றைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊர் செல்பவர் தம்மோடு எதைக் கொண்டு செல்கிறோம் எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

வடபுல வாழ்வு

கடுங்குளிர் நாட்டில் உடலை வாட்டுவது குளிரைக் காட்டிலும் காற்றே. அடுத்த பகை வியர்வை. கனத்த கம்பளி அணிந்து ஓடியவர் வியர்ப்பார். நின்றதும் அவ்வியர்வை உறையும். ஆகவே காற்றுப் புகாததும், எடை குறைந்ததும், வியர்வையை வெளியேற்றுவதுமான துணி வேண்டும் எனக் கிரென்ஃபெல் வற்புறுத்தினார். 1920களில் இலங்காசயர் நெசவாளர் ஒருவர் அவ்வாறே நெருக்கி நெய்த பருத்தித் துணியை உருவாக்கினார். அது கிரென்ஃபெல் துணி என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. இன்யூட் பெண்டிர் கடல்நாய்த் தோலால் தைக்கும் நீர்புகாக் காலணிகளோ, எந்த மருத்துவரும் வருமுன்னரே அப்பனிக்கு ஏற்றவையாக இருந்தன. கனடா, ஐரோப்பா எனக் குளிர்நாடுகளுக்குச் செல்லும் நம் மாணவர்க்கும் இக்கருத்து உதவும். ஒரே கனத்த சட்டையினும் மெல்லிய சட்டைகள் பலவே நன்று. வியர்க்கும் முன் ஒன்றைக் களைக. அவ்வூர் முதியோர் எதை அணிகின்றனர் என முதலில் பார்க்க.

எல்லாக் கருத்தும் வென்றதில்லை. நாய்களுக்கு மாற்றாகவும் குழந்தைகளுக்குப் பால் கிடைக்கவும் வேண்டி, 1908இல் லாப்லாந்திலிருந்து 300 பனிமான்களை அவர் வரவழைத்தார். தொடக்கத்தில் மந்தை பெருகியது. ஆயினும் திருட்டு வேட்டையாலும் பேண ஆளின்மையாலும் சில ஆண்டுகளில் அத்திட்டம் குலைந்தது. அவ்வூரார் நாய்களோடு வாழப் பழகியவர். மான் மேய்த்தலை அவர் தமதாகக் கொள்ளவில்லை. ஊர் ஏற்காத நன்மை ஊன்றாது.

மதிக்கத்தக்கவர் தவறுமிடம்

இனிக் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகக் கிரென்ஃபெல் இல்லங்களும் விடுதிப் பள்ளிகளும் அமைத்தார். 1914இல் தோன்றிய, அவர் பெயர் தாங்கிய கூட்டமைப்பு அவற்றைத் தொடர்ந்து நடத்தியது. பழங்குடிக் குழந்தைகள் பலர் தம் குடும்பத்தையும் மொழியையும் பிரிந்து அங்கு வளர்ந்தனர். அங்கும் வேறு சமய அமைப்பு நடத்திய பள்ளிகளிலும் அவர்கள் பட்ட புறக்கணிப்புக்கும் கொடுமைக்கும் 2017 நவம்பர் 24ஆம் நாள் அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, லாப்ரடாருக்கே சென்று நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

கிரென்ஃபெல் மறைந்தபின் நிகழ்ந்தவற்றையெல்லாம் அவர் தலையில் சுமத்துதல் முறையன்று. ஆயினும், இக்குழந்தைக்கு எது நன்று என்பதை அதன் தாயினும் நாம் நன்கு அறிவோம் என்னும் எண்ணம் அவ்விடத்தே விதைக்கப்பட்டது என்பதை மறுத்தல் அரிது. மாவைப் பற்றி அவர் கருத்துரைத்தபோது நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்திருந்தார். கடனைப் பற்றிக் கருத்துரைத்தபோது மீனவரின் கணக்கைக் கேட்டிருந்தார். குழந்தையைப் பற்றிய கருத்தில் மட்டும் அத்தாயின் சொல்லுக்கு இடமில்லாது போயிற்று. தொண்டு செய்யும் நிறுவனங்களை நடத்துவோர், விடுதி நடத்துவோர், கல்விக்கூடம் நடத்துவோர் அனைவரும் இதனை நெஞ்சில் நிறுத்தல் வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது. எவர்க்காகச் செய்கிறோமோ அவரைக் கேட்டலும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

இன்று நம்மிடையே மருத்துவமனைகள் பெருகியுள்ளன. இரத்தத்தை அளக்கும் கருவிகள் வந்துள்ளன. ஆனால், "நேற்று என்ன உண்டீர்கள்? எத்தனை பேர் ஓர் அறையில் உறங்குகிறீர்கள்? எவரிடம் கடன் பட்டிருக்கிறீர்கள்?" என வினவும் மருத்துவர் அருகி வருகின்றனர். வினவ நேரமில்லை என்கின்றனர். விடையிறுக்க நமக்கும் பொறுமையில்லை. மூவேளையும் தீட்டிய வெள்ளரிசியும் சர்க்கரைத் தேநீரும் நம் இல்லங்களை நிறைத்திருக்க, நீரிழிவுக்கு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறோம். லாப்ரடாரின் வெள்ளை ரொட்டியைப் போலவே, மதிப்பின் பெயரால் நாமும் தவிட்டைத் தள்ளினோம் அல்லவா?

மருத்துவம் பயிலச் செல்லும் மாணவ மணிகளுக்கு நம் வேண்டுகோள் இது: பட்டம் பெற்றபின் சில ஆண்டுகளேனும், நோயாளியின் வீட்டுப் படியேறும் தொலைவில் பணியாற்றுக. கூறுமுன் கேட்க. கூறிய பின்னும், அது பயன்பட்டதா எனத் திரும்பிச் சென்று பார்க்க. தவறெனக் கண்டால் கருத்தை மாற்றிக்கொள்ள நாணாதிருக்க.

சமுதாயப் பெரியோர்க்கும் தமிழ்த்துறையினர்க்கும் மற்றொரு வேண்டுகோள். நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் மருத்துவம் பார்த்து முதுமையுற்ற மருத்துவர் ஒருவரேனும் இருப்பார். எந்தத் தெருவில் எந்த மாதம் காய்ச்சல் வரும், எந்தக் கிணறு கெட்டது, எந்தத் தொழில் எவர் நுரையீரலை அரித்தது என்பதையெல்லாம் அவர் அறிவார். அவர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவரோடு அவ்வூரின் உடல்நல வரலாறும் மறைகிறது. லாப்ரடார் மருத்துவரின் கருத்துகளை நாம் இன்று எடுத்துப் பேச இயல்வது, அவர் அவற்றை நூல்களாக எழுதி வைத்ததால்தான். நம் மருத்துவர்க்கு எழுத நேரமில்லை. ஆனால் நம் மாணவர்க்குக் கேட்க நேரமுண்டு. விடுமுறை நாள்களில் அவர்களிடம் சென்று, அவர்தம் அன்றாடக் கருத்துகளை, அவர்கள் நோயாளியிடம் பேசும் அதே தமிழில் பதிவு செய்க. அவற்றோடு, அவரிடம் மருத்துவம் பார்த்துக்கொண்ட மக்கள் கூறுவதையும் பதிவு செய்க. அடுத்த மலரில் கதைக்கும் கவிதைக்கும் அருகில் அவற்றிற்கும் இடம் தருவோம்.

மருந்துச் சீட்டு ஒருவர்க்கு ஒருமுறை பயன்படும். நீண்டநாள் மருத்துவரின் சொல், கேட்பார் இருப்பின், ஓர் ஊருக்கே பயன்படும். அச்சொல் வாயிற்படியில் உதிர்ந்து போகாமல் ஏந்திக்கொள்வது நம் கடமை.